டாங்ராவில் யாருங்க வெளியாள்?

டாங்ராவுக்குச் சாப்பிடப் போனால் நம்மாளுங்க யாராவது ஒருத்தர், "இவங்கள்லாம் எந்த நாட்டுக்காரங்க?" என்று சிரிக்கிறார். எரிச்சலா வருது மக்களே!

அவர்கள் இந்த ஊர் ஹக்கா சீனர்கள். தலைமுறைகளாகத் தோல் பதனிட்டவர்கள். 1962 போரின்போது இந்தியச் சீனர்கள் சுமார் 3,000 பேரை, குழந்தை குட்டிகளோடு, ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைத்தார்கள். சிலர் வெளியே வர 1967 ஆனது. செய்த குற்றம்? முகம்தான்! 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளை ஊருக்கு வெளியே மாற்றச் சொன்னது. பல குடும்பங்களுக்கு ஓட்டலே பிழைப்பாயிற்று.

1960-களில் பம்பாயில் 'மதராசி' என்று நம்மவர்களை விரட்டியதைச் சொல்லி இன்னும் பொருமுகிறோமே, இங்கே மட்டும் இந்தக் கேள்வி என்ன நியாயம் சாமி?

முகவரிச் சான்று கேட்டால், டிரான்ஸ்ஃபரில் வந்த நம்மிடம் வாடகை ஒப்பந்தம்தான் இருக்கும். அவர்களுக்கோ இங்கே பாட்டன் கல்லறையே இருக்கிறது. அடுத்த தடவை சில்லி சிக்கன் வந்ததும், பேசாமல் சாப்பிடுங்கள்.