குணமாயிற்று என்ற பின்னர்

"குணமாயிற்று" என்ற சொல்லை நம் வீடுகள் எத்துணை விரைவாகச் சொல்லிவிடுகின்றன! மகரகமையில் மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. மருந்தேற்றலும் கதிர்ச்சிகிச்சையும் முடிந்தன. மறுவாரமே அவள் கையில் துருவலையையும் தண்ணீர் வாளியையும் கொடுத்துவிடுகிறோம். கை வீங்குகிறதென்றால், "இன்னுமா?" என்கிறோம். வெள்ளவத்தை மாடிவீட்டிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்து ஒற்றை அறையிலும் எழுவது இந்த ஒரே கேள்விதான்.

அவள் சொல்வது கற்பனையன்று. அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றினாலும், அவற்றின்மேல் கதிர் பாய்ச்சினாலும், கையிலிருந்து நீர் வடியும் வழி தடைப்படலாம். வீக்கம் சில மாதங்களில் வரலாம். ஆண்டுகள் கழித்தும் வரலாம். பக்லிடாக்சல் போன்ற மருந்துகள் விரல்நுனி நரம்புகளைத் தாக்குகின்றன. பொத்தான் பூட்டுவதும் பாடாகிறது. பலர் 5 முதல் 10 ஆண்டுகள் விழுங்கவேண்டிய ஹோர்மோன் தடுப்பு மாத்திரைகளால் உடல் தகிக்கும், மூட்டுகள் நோகும். உறங்கி எழுந்தாலும் தீராத களைப்போ சோம்பல் என்று பெயர் பெறுகிறது.

இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. அளவெடுத்து அணியும் இறுக்கமான கையுறை, தோற் பராமரிப்பு, இயன்மருத்துவர் கற்பிக்கும் பயிற்சி ஆகியன வீக்கத்தைக் கட்டுப்படுத்தும். கை சிவந்து காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். "கையை அசைக்காதே" என்பது பழைய போதனை. கை வீக்கமுற்ற 141 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, மேற்பார்வையுடன் படிப்படியாகச் செய்யும் பளுப்பயிற்சி வீக்கத்தைப் பெருக்கவில்லை என்று காட்டியது. ஆனால் அளவறிந்த பயிற்சி வேறு. நாள்தோறும் வாளி சுமந்து மாடியேறுவது வேறு.

பொறுமையே பெண்ணுக்கு அணி என்று உபதேசிப்போரை நாம் கேட்கிறோம்: அந்தப் பொறுமையால் யாருக்கு இலாபம்? கூலியற்ற வீட்டுழைப்பைத் தடையின்றிப் பெறுவோருக்கன்றோ! உயிரைக் காத்துவிட்டு, உழைக்கும் கையைக் கைவிடுவது அரை மருத்துவமே. மருந்தைப் போலவே கையுறையும் பயிற்சியும் ஏழைப் பெண்ணுக்கு எட்டவேண்டும். தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. ஆதலால் பின்கவனிப்பு அறிவுரையைத் தமிழிற் கேட்பது சலுகையன்று, உரிமை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இதனை வகுப்பறையிலும் சங்கத்திலும் பேசுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டில் அவள் தூக்கும் வாளியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.