பெயர் போட்டால் போதுமா?

பள்ளித் திட்டப்பணிகளிலும் சுவரொட்டிகளிலும் படங்களுக்குக் கீழே ஒரு குறிப்பை அடிக்கடி காணலாம்: 'படம்: இணையம்'. நூலகத்தில் இரவல் வாங்கிய நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் எவரும் 'ஆசிரியர்: நூலகம்' என்று எழுதுவதில்லை. நூலகம் நாவல் எழுதாது என்பது எல்லாருக்கும் தெரியும். இணையமும் அப்படித்தான். அது படைப்புகளை வைத்திருக்கும் இடம் மட்டுமே. அங்குள்ள ஓவியங்களுக்கும் நிழற்படங்களுக்கும் பாடல்களுக்கும் பின்னால் மனிதர்களின் உழைப்பு இருக்கிறது.

அந்த உழைப்புக்குச் சட்டம் தரும் பாதுகாப்பே பதிப்புரிமை. சிங்கப்பூரில் இப்போது நடப்பிலிருக்கும் பதிப்புரிமைச் சட்டம் 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 21ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. கதை, கவிதை, ஓவியம், நிழற்படம், இசை, நாடகம், திரைப்படம், கணினி நிரல் எனப் பலவகைப் படைப்புகளுக்கும் அது பொருந்தும். பதிப்புரிமை பெறுவதற்கு யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை; கட்டணமும் செலுத்த வேண்டியதில்லை. ஒருவர் தம் சொந்த முயற்சியால் ஒன்றைப் படைத்து, அதைத் தாளிலோ கணினியிலோ பதிவு செய்த உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆகவே, ஒரு படத்தின் ஓரத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லை என்பதால் அதற்கு உரிமையாளர் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

அதே வேளையில், சட்டம் எண்ணங்களைப் பூட்டி வைப்பதில்லை. வீடமைப்புப் பேட்டையில் தொலைந்துபோன பூனையைச் சிறுவர்கள் தேடுவதாக யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம். அந்தக் கருவுக்கு ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால், ஓர் எழுத்தாளர் அந்தக் கருவைத் தம் சொற்களால் வடித்த கதையை மற்றொருவர் அப்படியே நகலெடுத்தால் அது உரிமை மீறலாகும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. படைப்பாளரின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், பெயரைக் குறிப்பிடுவது ஒரு கடமை. அனுமதி பெறுவது வேறொரு கடமை. அண்டை வீட்டுக்காரரின் மிதிவண்டியைக் கேட்காமல் எடுத்துச் செல்லும் ஒருவர், 'இது அண்டை வீட்டு அண்ணனுடைய மிதிவண்டி' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டால், எடுத்தது சரியாகிவிடுமா? அவர் உண்மையைச் சொன்னார் என்பது மட்டுமே அதனால் தெரியவரும். கேட்காத குறை அப்படியே இருக்கும். அதைப் போலவே, அனுமதி தேவைப்படும் இடத்தில் பெயர் மட்டும் போதாது.

அனுமதி பெற்றுவிட்டால் பெயர் வேண்டியதில்லை என்று நினைப்பதும் தவறு. முன்பிருந்த சட்டம், ஒருவரின் படைப்பை வேறொருவர் பெயரில் வெளியிடுவதைத் தடுத்தது. பெயரே போடாமல் விட்டுவிடுவதைத் தடுக்கவில்லை. 2021ஆம் ஆண்டின் சட்டம் அந்தக் குறையை நீக்கியது. ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் அதைப் படைத்தவரையும், நிகழ்ச்சியானால் அதில் பாடியவர், ஆடியவர், நடித்தவர் போன்ற கலைஞர்களையும் அடையாளம் காட்ட வேண்டும் என்பது இப்போது விதி. படைத்தவர் யார் என்று தெரியாதபோது விலக்கு அளிப்பது போன்ற சில விதிவிலக்குகள் அதற்கு உண்டு. வளர்ந்துவரும் கலைஞருக்குப் பெயர்தான் முதல் முதலீடு. இந்த ஓவியத்தை வரைந்தவர் இன்னார் என்று நான்கு பேருக்குத் தெரிந்தால்தான் ஐந்தாமவர் அவரைத் தேடி வருவார்.

மாணவர்களின் கைகளைக் கட்டிப்போடவா இத்தனை விதிகள் என்ற கேள்வி எழலாம். அப்படியில்லை. இலாப நோக்கமற்ற பள்ளிகளின் மாணவர்களும் ஆசிரியர்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படைப்புகளைக் கற்றல் கற்பித்தலுக்குப் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு பயன்படுத்தும்போது, அது எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த நாளில் எடுக்கப்பட்டது என்ற விவரங்களைக் குறிப்பிட வேண்டும். அந்தப் படைப்பு உரிமையை மீறி இணையத்தில் ஏற்றப்பட்டது என்று தெரியவந்தால் பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

இதைத் தவிர, 'நியாயமான பயன்பாடு' என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஒரு பயன்பாடு நியாயமானதா என்பதைத் தீர்மானிக்கும்போது அதன் நோக்கம், மூலப்படைப்பின் தன்மை, அதிலிருந்து எடுக்கப்பட்ட அளவு, அதனால் அந்தப் படைப்பின் விற்பனைக்கும் மதிப்புக்கும் ஏற்படும் விளைவு ஆகியவை கருத்திற்கொள்ளப்படும். பாடலில் 30 விநாடிகளுக்குக் குறைவாக எடுத்தால் குற்றமில்லை என்று மாணவர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் இல்லை.

வகுப்பறைக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, வகுப்பறைக்கு வெளியே தானாகவே தொடர்ந்து வருவதில்லை. ஒரு மாணவி மயில் ஓவியம் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து, உரிய விவரங்களுடன் தமிழ்மொழிப் பாடத்தின் திட்டப்பணியில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது கற்றலுக்கான பயன்பாடு. அதே ஓவியத்தை அவருடைய நண்பர்கள் சட்டைகளில் அச்சிட்டு விற்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. படம் மாறவில்லை, எடுத்தவரும் பெரிதாக மாறவில்லை, பயன்பாட்டின் நோக்கம்தான் மாறியது. திரட்டிய பணம் நற்பணிக்கே போகிறது என்றாலும் ஓவியரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். ஒருவேளை அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்திருப்பார். ஆனால், அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருடையது.

'ஒரே ஒரு படத்தை எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? அவருக்கு விளம்பரந்தானே கிடைக்கிறது?' என்று சிலர் வாதிடுவர். இந்த வாதத்தில் சிறிது உண்மை இருக்கிறது. பகிரப்படுவதால் புகழ்பெற்ற கலைஞர்களும் உண்டு. எனினும், அத்தகைய விளம்பரம் வேண்டுமா வேண்டாமா என்பதை எடுப்பவர் முடிவு செய்ய முடியாது. பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு மேசையில் அமர்ந்து வரைபவருக்கு, மற்றவர்களின் நேர்மைதான் பெரும்பாலும் காவல். சிறு படைப்பாளருக்கு ஒரு படத்திற்கான கட்டணமும் சிறிய தொகையன்று.

பதிப்புரிமை என்றென்றைக்கும் நீடிப்பதும் இல்லை. சிங்கப்பூரில் ஒரு நூலுக்கான உரிமை பொதுவாக ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். மலேசியாவில் அந்தக் காலம் 50 ஆண்டுகள். அதன்பின் படைப்பு எல்லாருக்கும் சொந்தமாகிறது. 1921ஆம் ஆண்டு மறைந்த மகாகவி பாரதியாரின் கவிதைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் அவற்றின் உரிமை தனியாரிடம் இருந்தது. 1949ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு அதனைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. இன்று பேச்சுப் போட்டியில் பாரதியார் கவிதையைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால், அதே கவிதைக்கு இக்காலத்து இசையமைப்பாளர் ஒருவர் மெட்டமைத்துப் பதிவு செய்திருந்தால், அந்த மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. கவிதை பொதுச்சொத்து என்பதால் பாடலும் பொதுச்சொத்தாகிவிடாது.

மாணவர்கள் இந்தச் சட்டத்தை எடுப்பவரின் பக்கமிருந்து மட்டும் பார்ப்பது போதாது. அவர்களும் படைப்பாளர்களே. உயர்நிலைப் பள்ளி மாணவர் எழுதும் சிறுகதைக்கும், கைப்பேசியில் எடுக்கும் நிழற்படத்திற்கும், தோழர்களோடு உருவாக்கும் காணொளிக்கும் சட்டம் அதே பாதுகாப்பைத் தருகிறது. கட்டணம் பெற்று ஒருவருக்காக நிழற்படம் எடுத்தால், முன்பெல்லாம் பணம் கொடுத்தவரே அதன் உரிமையாளராகக் கருதப்பட்டார். இப்போது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படம் எடுத்தவரே முதல் உரிமையாளர். நாளை நிழற்படக் கலைஞராகவோ காணொளித் தயாரிப்பாளராகவோ விரும்பும் இளையர், எதிலாவது கையெழுத்திடுவதற்கு முன் இதனை அறிந்திருக்க வேண்டும்.

பதிப்புரிமையை மதிப்பது கடினமான வேலையன்று. படைப்பாளரைத் தொடர்புகொண்டு, எந்தப் படைப்பு, எதற்காக, எங்கே பயன்படும் என்று எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்ட படைப்புகளைத் தேடலாம். அவற்றில் சில பெயரை மட்டும் குறிப்பிடச் சொல்லும். சில வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும். சில மாற்றங்கள் செய்ய அனுமதிக்காது. ஆகையால், உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்த பிறகே பயன்படுத்த வேண்டும். இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் சொந்தமாக ஒரு படம் வரையலாம், நிழற்படம் எடுக்கலாம். அது சற்றுக் கோணலாக இருந்தாலும், அதற்குக் கீழே தயங்காமல் தம் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

உரிமையை மீறுவோர் இழப்பீடு வழங்க நேரிடலாம். வணிக நோக்கில் வேண்டுமென்றே மீறினால் தண்டனையும் உண்டு. ஆனால், பதிப்புரிமையை மதிப்பதற்கு அச்சம் மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. ஒருவரின் உழைப்பைப் பயன்படுத்த விரும்புபவர் அவரைக் கேட்க வேண்டும்; கேட்டுப் பெற்றதற்கு அவர் பெயரைச் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் பள்ளிப் பருவத்திலேயே பழக்கமாக்கிக்கொள்ளும் மாணவர், பிற்காலத்தில் தம் படைப்புக்கு உரிய மதிப்பைக் கேட்கவும் தயங்கமாட்டார்.