கலத்தின் அகவை

நாவலூர் வழியே தெற்கே செல்லும் சாலையின் இருமருங்கும் கணிப்பொறி மாளிகைகள் இரவு பகலாக ஒளிர்கின்றன. தமிழகத்து மின்வலையில் அணுவாற்றலுக்கும் பங்குண்டு. அந்த அணுவுலைகளின் அகவையை அளப்பது எப்படி என்பதைத் தமிழில் கேட்டறிந்த தமிழர் எத்தனை பேர்?

அச்சாலையின் தெற்கே கல்பாக்கத்தில் 1984, 1986 ஆம் ஆண்டுகளில் வணிக முறையில் மின்னாக்கத் தொடங்கியவை கனநீர் உலைகள். ஒவ்வொன்றிலும் எரிபொருள் 306 அழுத்தக் குழாய்களில் பகிர்ந்து வைக்கப்படுகிறது. கதிர்வீச்சால் நலிந்த குழாய்களைப் பெயர்த்துப் புதியன பொருத்த இயலும். 2000-க்குப் பின் அங்கு அவ்வாறே செய்தனர். கூடங்குளத்தில் அவ்வழி இல்லை. 2013-இலும் 2016-இலும் இயங்கத் தொடங்கிய அவ்வுருசிய உலைகளில் எரிபொருள் முழுதும் ஒரே எஃகுக் கலத்துள் அடங்கியுள்ளது. ஏறத்தாழ 19 செ.மீ. தடித்த அதன் சுவர், 300 பாகை அளவிலான வெப்பத்தையும் காற்றழுத்தத்தைப்போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தையும் தாங்கி நிற்கிறது. பிற உறுப்புகளை மாற்றலாம். இக்கலம் மூத்தால் உலையே மூத்ததாகும்.

எஃகு எவ்வாறு மூக்கிறது? அணுப்பிளவில் விரைந்து தெறிக்கும் நொதுமிகள், அதாவது மின்னூட்டமற்ற துகள்கள், எஃகின் அணுக்களை இடம்பெயர்க்கின்றன. கலத்தின் வாழ்நாள் முழுதும் பத்தில் ஒரு பங்கு அணுக்கள்கூட இவ்வாறு பெயர்வதில்லை. அச்சிறு அளவே போதும். எஃகில் கலந்துள்ள செம்பு நுண்திரளாகச் சேர்கிறது. நிக்கல் மிகுந்தால் கேடும் மிகும். பற்றவைத்த தையல்களே இதற்கு முதலில் இரையாவன. வளைந்து கொடுத்த எஃகு, மண்கலம்போல் நொறுங்கும் தன்மையை அடைகிறது. நேர்ச்சி ஒன்றில் குளிர்நீர் பாயுமாயின், உள்ளழுத்தம் குறையாத அக்கலத்தின் சிறு கீறலும் பிளவாகலாம்.

இதனை அறியவே, கலம் செய்த அதே எஃகின் சான்றுத் துண்டுகளை உலைக்குள் இட்டுவைத்துக் குறித்த ஆண்டுகளில் எடுத்துச் சம்மட்டியால் முறித்துப் பார்க்கின்றனர். எந்த வெப்பநிலைக்குக் கீழே அவை நொறுங்குகின்றன என்பதே அளவுகோல். ஆனால் துண்டு பெற்ற கதிர்வீச்சும் சுவர் பெற்றதும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட்டே பெறவேண்டும். மதிப்பீடு என்பது அங்கேதான் நுழைகிறது. ஐயமும் உடன் நுழைகிறது.

அமெரிக்காவில் யாங்கி இரோ என்னும் உலை 1960-இல் இயங்கத் தொடங்கியது. அதன் கலம் எவ்வளவு நொய்ந்துள்ளது என்பதை உறுதியாகக் காட்ட இயலாமையால் 1991-இல் நிறுத்தினர். 1992-இல் நிலையாக மூடினர். கலம் உடைந்தா போயிற்று? இல்லை. கணக்கு நிறைவளிக்கவில்லை, அவ்வளவே! வினவத் தெரிந்த மக்கள் அங்கு இருந்தனர்.

இங்கும் வினாக்கள் எழாமல் இல்லை. கூடங்குளக் கலத்தின் நடுப்பகுதித் தையல்கள் பற்றி, முதல் உலை இயங்கும் முன்னரே திறனாய்வாளர் கேட்டனர். பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையை வெளியிடுமாறு 2012-இல் நடுவண் தகவல் ஆணையம் ஆணையிட்டது. ஆணையிட்டுக் கேட்கவேண்டிய பொருளா அது? இடிந்தகரை மீனவன் அவ்வுலையின் அண்டை வீட்டான் அல்லனோ?

சான்றுத் துண்டு உலையிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு முறையும், அது நொறுங்கும் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது, வரம்புக்கு இன்னும் எத்தனை பாகை எஞ்சியுள்ளது, கணக்கின் பிழையளவு யாது என்னும் மூன்றையும் அணுமின் கழகம் தமிழில் அச்சிட்டு, கூடங்குளத்தைச் சூழ்ந்த ஊராட்சி அலுவலகம்தோறும் ஒட்டவேண்டும். அதற்குத் தமிழில் சொல் இல்லை என்று எவரும் கைவிரிக்க வேண்டா. மேலே எழுதியவை தமிழ்தாம்.