மடியின் கண்ணைத் திருப்பிக் கட்டினால்

இடம்பெயர்ந்து கரையோரத்தில் குடியிருக்கும் எமது கமக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு மலிவான கறி பொடிமீன்தான். நெத்தலியும் சூடையும் வளர்ந்தாலும் சிறியவை, அவற்றை விடுவோம். ஆனால் அதே குவியலில் விரல் நீளப் பாரையும் விளைமீனும் சீலாவும் கிடக்கின்றன. ஒருமுறையேனும் முட்டையிடாத மீன்கள். விதைநெல் மூட்டையை யாராவது அவித்தால் நாம் பார்த்துக்கொண்டு இருப்போமா?

இழுவைவலை புனல் போன்றது. வாயால் புகுந்த மீன் கடைசிப் பையான மடியில் சேரும். வழமையாக மடியின் கண்கள் சாய்சதுரமானவை. படகு இழுக்க, பாரம் ஏற, அவை நீண்டு ஒடுங்கி மூடிக்கொள்ளும். கரையில் அளந்தால் கண் பெரிது. நீருக்குள் வெறும் கீறல். சீலைத் துண்டொன்றை மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், ஒடுங்கும். நூல் வழியே இழுத்தால் அப்படியே நிற்கும். வலைத்துண்டையும் 45 பாகை திருப்பிக் கட்டினால் கண் சதுரமாகத் திறந்தே இருக்கும். நூல் அதே நூல்தான். வெட்டிக் கட்டும் வேலை சற்றுக் கூடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இதனைப் பரிசோதித்துப் பரிந்துரைத்தது. கேரளம் தனது விதிகளிலும் சதுரக் கண்ணைச் சேர்த்துள்ளது.

இறால் தப்பிவிடும் என்பது சம்மாட்டிமாரின் முறைப்பாடு. அது முழுப் பொய்யல்ல. இறாலும் மீன்குஞ்சும் பருமனில் கிட்டத்தட்ட ஒன்று. முதல் நட்டம் கூலிக்குப் போகிறவனின் பங்கிலேயே விழும். எமது பிள்ளைகளிலும் சிலர் அப்படிப் போகிறார்கள்.

ஆயினும் எமது கடலுக்கு இது மருந்தல்ல என்பதே எனது கருத்து. அடியிழுவையை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. சதுரக் கண் குஞ்சைத் தப்பவிடலாம். அடிச்சங்கிலி கிளறிய கடற்றரையை அது திருத்தாது. நெரிந்து வெளியேறும் குஞ்சுகள் எல்லாம் பிழைப்பதுமில்லை. எல்லை தாண்டி வரும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எமது சிறு மீனவரின் வலைகளையும் அறுத்துச் செல்கின்றன. அங்கே அத்தொழில் மாறும்வரை அவர்களின் மடிக்குச் சதுரக் கண் கேட்பது நியாயம். அதைக் காட்டி இங்கே தடையைத் தளர்த்தக் கேட்பது நியாயமல்ல.

எமது கரைவலையையும் சற்றுப் பார்க்கவேண்டும். அது நெத்தலிக்குக் கட்டிய மடியென்றால் சரி. பெரிய மீனுக்கு இழுக்கும் நாளிலும் அதே மடியா? கரைவலை இழுக்கப் போகும் சகோதரர்கள், வலை காயும்போது மடியின் கண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால் சம்மாட்டியிடம் காரணம் கேளுங்கள்.