மூன்று செடிகளும் ஒரு வீடும்



சில மாதங்களுக்கு முன், ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து அறைக்குத் திரும்பியபோது ஜெர்மனியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நம் பங்கில் வளர்ந்து, அங்கே செவிலியராகப் பணியாற்றும் ஒரு தாய் பேசினார். 18 வயது நிறைந்த அவருடைய மகன், கஞ்சாச் செடி வளர்ப்பதற்கென்று தன் அறைச் சன்னலோரம் தொட்டி வாங்கி வைத்திருக்கிறானாம். "கேட்டால், சட்டமே அனுமதிக்கிறது என்கிறான் ஃபாதர். நான் என்ன சொல்வது?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. சட்டத்தைப் படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன்.

மகன் சொன்னது பொய்யல்ல. 2024 ஏப்ரல் 1-ஆம் நாள் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 18 வயது நிறைந்த எவரும் தம் வீட்டில் ஒரே நேரத்தில் 3 செடிகள் வரை வளர்க்கலாம். காய்ந்த கஞ்சாவை வீட்டில் 50 கிராமும் வெளியே 25 கிராமும் வைத்திருக்கலாம். கள்ளச் சந்தையை ஒடுக்கவும், கலப்படச் சரக்கால் வரும் கேட்டைக் குறைக்கவுமே இந்த ஏற்பாடு என்றது அரசு. இதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஒரு பொட்டலத்துக்காகச் சிறைக்குப் போன இளைஞர்கள் திருந்தி வந்ததைவிடக் கெட்டு வந்ததையே என் பங்குப்பணியில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே சட்டம் வேறோர் இடத்தில் சொல்வதைக் கவனியுங்கள். கஞ்சா வளர்ப்போர் சங்கங்களில் உறுப்பினர் ஒருவர் மாதம் 50 கிராம் பெறலாம். 21 வயதுக்குக் குறைந்தவர் என்றால் 30 கிராம்தான். அதிலும் போதை தரும் டி.எச்.சி. 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இளம் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதே காரணம். அப்படியானால் அதே 18 வயதுப் பையன் தன் அறையில் வளர்க்கும் செடிக்கு? அங்கே டி.எச்.சி.க்கு எல்லையே இல்லை. நன்றாக வளர்ந்த 3 செடிகளின் ஒரே அறுவடை 50 கிராமை எளிதில் தாண்டிவிடும். மிஞ்சியதை அழித்துவிட வேண்டும், 60 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் குற்றம் என்கிறது சட்டம். தராசை வைத்துக்கொண்டு படுக்கையறை வாசலில் யார் நிற்பது? சங்கத்தில் அரசு செய்கிற காவலை, வீட்டில் பெற்றோர் தலையில் வைத்துவிட்டார்கள். அதையும் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

வீடுதான் ஓட்டை என்பதைக் கனடாவின் கியூபெக் மாநிலம் முன்பே உணர்ந்தது. 2018-இல் வந்த கனடாவின் மத்தியச் சட்டம், எத்தனை பேர் இருந்தாலும் ஒரு வீட்டுக்கு 4 செடிகள் என்றது. கியூபெக் அரசோ ஒரு செடியும் கூடாது, வேண்டுவோர் அரசுக் கடையில் வாங்கட்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று 2023 ஏப்ரலில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

ஜெர்மன் சட்டத்தில் தாய்க்குத் துணையான பகுதியும் உண்டு. செடியும் விளைச்சலும் சிறாரின் கைக்கு எட்டாதபடி பாதுகாக்கப்பட வேண்டும். வீட்டில் விளைந்ததை நண்பனுக்கு இலவசமாகக்கூடக் கொடுக்க முடியாது. இந்த வீட்டிலோ 12 வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். மாலையில் அந்தப் பையனின் அறையில் கூடுகிற நண்பர்களில் பாதிப் பேருக்கு 17 வயது.

போதைப்பொருளைத் தாராளமாக்குவதால் அடிமைத்தனம் குறைந்துவிடாது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 26 புதன் மறையுரையில் சொன்னார். அடிமையானவரை மனிதராக மதிக்க வேண்டும் என்பதையும் அன்று சேர்த்தே சொன்னார். முன்னதை மட்டும் மகனிடம் எடுத்துச் சொன்னால் அவன் கதவைச் சாத்திக்கொள்வான் என்று எனக்குத் தோன்றியது.

அதனால் மறுநாள் அந்தத் தாயைக் கூப்பிட்டபோது திருத்தந்தையிடமிருந்து தொடங்கவில்லை. "அனுமதி அரசு கொடுத்தது; வீடு உங்களுடையது. கூடாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சொல்லுமுன், சிறாரைப் பற்றிய பகுதியை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். அறைச் சாவி யாரிடம் இருக்கும், தங்கைக்கு என்ன பதில் சொல்வான் என்று அவனிடமே கேளுங்கள்" என்றேன்.

கேட்டிருக்கிறார். பையன் பதில் சொல்லாமல் தொட்டியை நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டானாம். எண்ணத்தை விட்டுவிட்டானா என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார்கள். இங்கே 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி வளர்த்தால் ஒரே ஒரு செடிக்கும் 10 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு என்பதையும் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.