ராஜேந்திரன் படையில் நாம் யார்?

ராஜேந்திர சோழன் ஏன் கங்கைக்குப் படை எடுத்தான்? நம் தெருப் பையன்களுக்கு இன்றைக்கு இதுதான் பெரிய விவாதம். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருகிறவனும் உடுமலைக்குப் படிக்கப் போகிறவனும் ஒன்றாகக் கூடினால் இதே பேச்சு. காரணம் ஒரு கணினி விளையாட்டு. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்று பெயர். 1999இல் வந்தது. 2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்று அதற்கு ஒரு சேர்க்கை போட்டார்கள். அதில் ‘திராவிடர்’ என்று ஒரு நாகரிகம், ராஜேந்திரனை நாயகனாக வைத்து ஒரு கதைத் தொடர். உருமி சுழற்றும் வீரன் வருகிறான். திரிசடை என்று போர்க்கப்பல் வருகிறது. ஆட்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடட்டும். விளையாட்டைத் தடை செய்யச் சொல்ல நாம் ஒன்றும் ஹாஸ்டல் வார்டன் இல்லை. நம் சண்டை அந்த விளையாட்டைச் சுற்றி நடக்கும் விவாதத்தோடுதான்.

ஒருவன் சொல்கிறான்: அப்பன் ராஜராஜனை மிஞ்ச வேண்டும் என்ற வெறி. இன்னொருவன்: புண்ணிய நீர் கொண்டுவரப் போனான். மூன்றாமவன் கொஞ்சம் படித்தவன். 1025இல் கடாரம் போனதற்கு வணிகப் பாதை என்று காரணம் சொல்லலாம், ஆனால் கங்கை வரை போய், ஜெயித்த நாட்டை ஆளாமல் திரும்பி வந்ததுதான் கதையில் ஓட்டை என்கிறான். நல்ல கேள்விதான். இலங்கையில் சோழர் நடத்திய படையெடுப்புகளைக் ‘கொள்ளை அரசியல்’ என்று ஜார்ஜ் ஸ்பென்சர் 1976இலேயே எழுதினார். அந்தக் கோணத்தில் பார்த்தால் ஓட்டை கொஞ்சம் அடைபடும். பொன்னும் பேரும் வீட்டுக்கு வந்தால் போதும், ஊரை ஆள வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் தோழர்களே, மூன்று பேரும் யாருடைய நோக்கத்தைத் தேடுகிறார்கள்? ராஜாவுடையதை மட்டும். முடி வைத்தவனுக்குத்தான் மனசு இருக்கும், மற்றவனுக்குக் கையும் காலும் போதும் என்பது எந்த ஊர் நியாயம்?

அந்த விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். ராஜேந்திரன் படை எங்கிருந்து வருகிறது? ‘வில்லேஜர்’ என்று ஒரு ஆள். ஐம்பது உணவு கொடுத்தால் டவுன் சென்டரிலிருந்து வெளியே வருவான். மரம் வெட்டுவது, உழுவது, பொன்னும் கல்லும் தோண்டுவது, கோட்டை கட்டுவது எல்லாம் அவன்தான். அவன் இல்லாமல் ஒரு சிப்பாய்கூட வாள் தூக்க முடியாது. சும்மா நிற்கிற வில்லேஜரைத் தேடிப் பிடித்து வேலைக்கு விரட்டத் தனியாக ஒரு பொத்தானே வைத்திருக்கிறார்கள்! பண்ணையார் வீட்டுக் காரியக்காரன் செய்த வேலையை இப்போது பொத்தான் செய்கிறது. செத்தால் அழ ஆள் இல்லை. இன்னொரு ஐம்பது உணவு, இன்னொரு ஆள். அவனுக்குப் பெயர் இல்லை. நோக்கம் இல்லை. அவன் ஏன் ராஜேந்திரனுக்காக உழைக்கிறான் என்று இதுவரை ஒரு பையன்கூடக் கேட்கவில்லை. கதையின் மிகப் பெரிய ஓட்டை அது அல்லவா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரித்திர நாவல்களையும் 2022, 2023இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ படங்களையும் விட இந்த விளையாட்டு ஒரு விஷயத்தில் யோக்கியமானது. சாம்ராஜ்யத்துக்கு அடியில் உழைப்பவன் இருக்கிறான் என்பதைத் திரையில் காட்டுகிறது. ஆனால் அதே இடத்தில்தான் அதன் ஆகப் பெரிய கற்பனையும் இருக்கிறது. காலையில் உழுதவன் மதியம் பொன் எடுக்கிறான், சாயங்காலம் கோயில் கட்டுகிறான். ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்கிறார்கள். யாரும் யாரையும் தொட்டதாகத் தீட்டு இல்லை. தனிச் சேரி இல்லை, தனிச் சுடுகாடு இல்லை. மாயமந்திரக் கதைகளில் டிராகன் பறப்பதைக்கூட நம்பிவிடலாம். சாதி இல்லாத சோழ நாட்டை எப்படி அய்யா நம்புவது?

1936இல் அம்பேத்கர் தெளிவாகச் சொன்னார்: சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலைக்காரர்களையே பிரிக்கிறது. அந்தப் பிரிவினை கல்லிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகள் ஊர் ஊராக வரியில்லா நிலங்களைப் பட்டியல் போடுகின்றன. அதில் பறைச்சேரி என்று தனியாக வருகிறது. தீண்டாச்சேரி என்றே வருகிறது. கூலியில்லாமல் வாங்கிய உழைப்புக்கு ‘வெட்டி’ என்று பெயர் வைத்து அதையும் வரிகளோடு சேர்த்துச் சொல்கின்றன சோழர் காலக் கல்வெட்டுகள். கோயிலுக்கு மனிதர்களை விற்ற சாசனங்களும் உண்டு. 2019 ஜூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித், ராஜராஜன் காலம் ஒடுக்கப்பட்டவர்களுக்கு இருண்ட காலம் என்று பேசினார். உடனே வழக்குப் போட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த ராஜாவின் மானத்துக்கு இன்றைய போலீஸ் காவல் நிற்கிறது!

கங்கையிலிருந்து வந்து ராஜேந்திரன் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். தண்ணீரால் ஆன வெற்றித் தூணாக அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. தோற்ற ராஜாக்கள் கங்கை நீர் சுமந்த கதை கிடைக்கிறது. ஏரிக்கு மண் சுமந்தவன் கதை கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் எதற்கு? நம் அமராவதிப் பாசனத்துப் பழைய வாய்க்கால்களுக்கு இன்றைக்கும் ராஜவாய்க்கால் என்றுதான் பெயர். கல்லாபுரம், கொமரலிங்கம், சோழமாதேவி என்று வரிசையாக ஓடுகின்றன. பெயர் ராஜாவுக்கும் ராணிக்கும். சேற்றில் இறங்கித் தூர் வாரியவன் பெயர் எந்த மதகில் இருக்கிறது?

இங்கேதான் நம்மவர்களிடமே ஒரு சண்டை வருகிறது. “நாமளும் ஆண்ட பரம்பரைதானுங்க அண்ணா” என்கிறார்கள். சதய விழா வந்தால் ஒவ்வொரு ஆதிக்க சாதியும் ராஜராஜனைத் தன் பங்காளியாக்கி ஃபிளெக்ஸ் அடிக்கிறது. அதைப் பார்த்து நம் பையனும், நமக்கும் ஒரு ராஜா கிடைக்கமாட்டானா என்று தேடுகிறான். அவன் ஏக்கம் புரிகிறது. காலம் காலமாக அவமானப்பட்டவன் தலை நிமிர ஒரு கிரீடம் தேடுகிறான். ஆனால் தம்பி, கிரீடத்துக்குக் கீழே கட்டாயம் ஒரு சேரி இருக்கும். நீ ராஜாவாக வேண்டுமானால் இன்னொருவன் வில்லேஜராக வேண்டும். அப்புறம் அவனைத் தேடிப் பிடித்து விரட்டும் பொத்தானில் இருக்கப்போவது உன் விரல்தான். ஆண்ட பரம்பரைப் பேச்சு நம்மை விடுவிக்காது. ஒடுக்குகிறவன் கட்சியில் நம்மையும் ஆள் சேர்க்கும், அவ்வளவுதான்.

இதைக் கொமரலிங்கத்திலிருந்து சொல்கிறோம். சும்மா சொல்லவில்லை. இந்த ஊர்ப் பிள்ளை சங்கர், இன்ஜினியரிங் படித்தவர். 2015இல் கௌசல்யாவைச் சாதி மறுத்துக் கல்யாணம் செய்தார். 2016 மார்ச் 13ஆம் தேதி, உடுமலை பஸ் ஸ்டாண்ட் எதிரில், பட்டப்பகலில், ஜனக்கூட்டத்தின் நடுவில் வெட்டிக் கொன்றார்கள். கேமராவில் எல்லாம் பதிவானது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம், கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு என்றது. 2020 ஜூன் 22இல் உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுதலை செய்தது. மற்ற ஐந்து பேரின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது.

விவாதப் புலிகளே, கதை ஓட்டை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்களே, இதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த ஐந்து பேருக்கும் சங்கருக்கும் வரப்பு வாய்க்கால் தகராறு உண்டா? கொடுக்கல் வாங்கல் உண்டா? இல்லையென்றால் அரிவாளைத் தூக்க வைத்த நோக்கம் எது? ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் இன்னார் என்று உடையார்குடிக் கல்வெட்டே பெயர் சொல்லிவிட்டது. இருந்தும் ஏன் கொன்றார்கள், பின்னால் இருந்தது யார் என்று தமிழ்நாடு தலைமுறை தலைமுறையாகத் துப்பறிந்துகொண்டிருக்கிறது. இளவரசன் சாவு மர்மம். சேரிப் பையன் சாவு ஒரு நாள் செய்தி. இதுதான் இந்தச் சமூகத்தின் கதைத் தர்க்கம்.

எனவே மாணவத் தோழர்களே, விவாதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கேள்வியைத் திருப்புங்கள். ராஜா ஏன் போனான் என்று ஒருவன் ஆரம்பித்தால், அவன் குதிரைக்குப் புல் அறுத்தது யார் என்று கேளுங்கள். கோயிலை யார் கட்டினான் என்றால், கட்டியவன் உள்ளே போக முடிந்ததா என்று கேளுங்கள். நான் ஆண்ட பரம்பரை என்று எவனாவது நெஞ்சை நிமிர்த்தினால், யாரை ஆண்டாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவன் சொல்கிற பதில் அவனுடைய நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.