பட்டறையில் படிக்கும் இயந்திரவியல்: சித்தூர், திருப்பதி மாணவர்களுக்கு எட்டுமா?

சித்தூர்: பார்வையற்ற, பேச இயலாத, செவி கேளாத மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஏற்றம் இறைத்ததாகச் சொல்கிறது காணிப்பாக்கம் விநாயகர் கோயிலின் தலவரலாறு. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் ஈடுசெய்ததால்தான் அந்தக் கிணற்றில் வேலை நடந்தது. அதே வட்டாரத்தில் இன்று பொறியியல் கல்லூரிகள் பல உள்ளன. அங்கு இயந்திரவியல் பயிலும் மாணவர்கள், குழுவாகச் சேர்ந்து ஒரு பொருளை முழுமையாகச் செய்து இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே இப்போதைய கேள்வி.

இக்கேள்விக்கு அவசரம் உண்டு. நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கான மாணவர் சேர்க்கை உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் நீக்கியது. மாணவர்களின் நாட்டமோ பல ஆண்டுகளாகக் கணினி அறிவியலின் பக்கமே இருக்கிறது. ஆனால் ஸ்ரீசிட்டியில் இசுசு ஆலையும், சத்தியவேடு அருகே ஹீரோ மோட்டோகார்ப் ஆலையும், திருப்பதி, சித்தூரில் அமர ராஜா பேட்டரி ஆலைகளும் இயங்குகின்றன. இயந்திரத்தைத் தொட்டுப் பழகிய பொறியாளருக்கு இங்கு வேலை இல்லாமல் இல்லை.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டி, இத்தகைய கல்விக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மாணவர்களே வடிவமைத்துக் கட்டிய பந்தயக் கார்கள் அங்கு களமிறங்குகின்றன. இவ்வகைப் போட்டிகளின் மொத்த மதிப்பெண் 1,000. அதில் 325 மதிப்பெண், கார் ஓடாமலேயே கிடைப்பது: வடிவமைப்பு, செலவுக் கணக்கு, வணிகத் திட்டம் ஆகியவற்றை நடுவர்முன் விளக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை வழியாகவே செல்ல வேண்டும் என்பது விதி. பாய்ம இயக்கவியல் பாடம் அந்தத் துளையில் கைக்கு வந்துவிடுகிறது. சுமார் 22 கிலோமீட்டர் நீடிக்கும் தாக்குப்பிடிப்பு ஓட்டத்தின் நடுவே ஓட்டுநர் மாற வேண்டும். அணைத்த எஞ்சினைத் திரும்பக் கிளப்ப வேண்டும். சூடேறிய எஞ்சின் கிளம்ப மறுத்தால் ஓராண்டு உழைப்பு அங்கேயே நின்றுவிடும். தேர்வுத்தாளில் அப்படி எதுவும் நிற்பதில்லை.

2007-இல் பீதம்பூரில் தொடங்கிய பாஹா போட்டியில் எல்லா அணிக்கும் ஒரே வகை எஞ்சின். எனவே பற்சக்கரப் பெட்டியும் எடைக் குறைப்பும் சஸ்பென்ஷனுமே வெற்றியைத் தீர்மானிக்கின்றன.

சென்னை ஐஐடி மாணவர்களுக்கு 2008-இல் தொடங்கிய புத்தாக்க மையம் பட்டறையாகக் கிடைத்தது. அங்கு உருவான ஆவிஷ்கார் அணி, 2019-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஹைப்பர்லூப் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டியது. திருப்பதி ஐஐடி 2015-இல் தொடங்கியபோதே இயந்திரவியல் அதன் பாடப்பிரிவுகளுள் ஒன்று. ஏர்ப்பேடு நிரந்தர வளாகம் 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சிறிய தனியார் கல்லூரிகளின் நிலை வேறு. எஞ்சின், டயர், பயணம் என ஒரு காருக்குச் சில லட்சங்கள் கரையும். விவசாயக் குடும்பத்து மாணவரால் அந்தப் பங்கைத் தர இயலுமா?

குழுவாக உழைப்பதிலும் குறைகள் உள்ளன. நான்கு பேர் வெல்டிங் செய்ய, இருபது பேர் புகைப்படத்தில் நிற்பதுண்டு. மாணவியரைச் செலவு அறிக்கை எழுதும் வேலையோடு நிறுத்திவிடும் வழக்கமும் உண்டு. இதை மறைப்பதில் பயனில்லை.

பந்தயக் கார் ஒன்றே வழி என்பதும் இல்லை. சித்தூரின் மாங்கூழ் ஆலைகளிலும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளிலும் தீர்க்க வேண்டிய இயந்திரச் சிக்கல்கள் ஏராளம். கரும்புச் சக்கை எரியும் அடுப்பில் வீணாகும் வெப்பத்தைக் குறைப்பது, ஆறு மாணவர்களுக்கு ஓராண்டு வேலை. செலவோ காரைவிட மிகக் குறைவு.

2014-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிரந்தர உறுப்பினரான பின், பட்டதாரி பெற வேண்டிய திறன்களுள் குழுப்பணியும் அங்கீகார விதிகளில் இடம்பெற்றுள்ளது. அதை அளப்பதுதான் கடினம். ஒவ்வொரு மாணவரையும் தனியே அழைத்து, அவர் செய்த பாகம் ஏன் அந்த அளவில், அந்த உலோகத்தில் அமைந்தது எனக் கேட்பது எளிய வழி. அதற்குப் பேராசிரியர் பட்டறையிலேயே பல மாலைகளைக் கழித்திருக்க வேண்டும். கால அட்டவணையோ ஓர் ஆய்வகப் பாடத்துக்குப் பெரும்பாலும் வாரம் மூன்று மணி நேரத்தையே ஒதுக்குகிறது.